‘ப்ளூ அண்ட் லோன்சம்’: ரோலிங் ஸ்டோன்ஸ் வேருக்குத் திரும்பிய ஆல்பம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு 2016 டிசம்பர் 2 அன்று வெளியிட்ட ஆல்பம் ‘ப்ளூ அண்ட் லோன்சம்’. மொத்தம் 12 பாட்டு, 42 நிமிடம். ஒன்றுகூட அவர்கள் எழுதியதில்லை. யாருக்காவது இதைப் போட்டுக் காட்டினால் உடனே கேள்விகள் வந்துவிடுகின்றன. ப்ளூஸ் பழக்கமே இல்லாதவர்கள் கேட்பது ஒரு வகை. ஸ்டோன்ஸ் ரசிகர்கள் கேட்பது இன்னொரு வகை. ‘சொந்தச் சரக்கு தீர்ந்துபோச்சா?’ என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம் என்பதால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஸ்டோன்ஸ் ராக் குழுதானே? ப்ளூஸ் எப்படி அவர்களுடைய வேர் ஆகும்?

அவர்களுடைய பெயரே ஒரு ப்ளூஸ் பாட்டிலிருந்து வந்தது. மடி வாட்டர்ஸ் 1950-ல் சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய ‘ரோலின் ஸ்டோன்’தான் அது.

அதற்கும் கொஞ்சம் முன்னால் போகலாம். 1961 அக்டோபரில் லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில், சின்ன வயதில் ஒரே பள்ளியில் படித்த இரண்டு பையன்கள் மறுபடி சந்தித்துக்கொண்டார்கள். ஒருவர் மிக் ஜாகர், இன்னொருவர் கீத் ரிச்சர்ட்ஸ். ஜாகரின் கையில் சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் இசைத்தட்டுகள் இருந்தன. அந்தத் தட்டுகள் இங்கிலாந்தில் சாதாரணமாகக் கடையில் கிடைக்காதவை. ஜாகர் அமெரிக்காவுக்கு எழுதிப் போட்டு வரவழைத்துக்கொண்டிருந்தார். ரிச்சர்ட்ஸுக்கு அதைப் பார்த்ததும் வேறு பேச்சே வேண்டியிருக்கவில்லை. பிரையன் ஜோன்ஸும் பியானோ வாசித்த இயன் ஸ்டூவர்ட்டும் சேர, 1962 ஜூலை 12 அன்று லண்டன் மார்க்கீ கிளப்பில் ‘ரோலின் ஸ்டோன்ஸ்’ என்ற பெயரில் முதன்முதலாக மேடை ஏறினார்கள்.

1964-ல் வந்த முதல் ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். ஜிம்மி ரீட், ஸ்லிம் ஹார்ப்போ, போ டிட்லி, வில்லி டிக்சன் என்று அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகள்தான் நிறைந்திருக்கும். ஜாகரும் ரிச்சர்ட்ஸும் தங்கள் பெயரில் எழுதியது ‘டெல் மீ’ என்ற ஒரே ஒரு பாட்டு. அந்த ஆண்டு டிசம்பரில் வில்லி டிக்சனின் ‘லிட்டில் ரெட் ரூஸ்ட’ரை அவர்கள் பாடி இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். மெதுவான, இழுத்து இழுத்துப் போகிற ஒரு சுத்தமான ப்ளூஸ் பாட்டு பாப் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்தது இன்றைக்கும் நம்ப முடியாத விஷயம். அதற்கடுத்த ஆண்டு அவர்களே எழுதிய ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ வந்தது. அப்புறம் அவர்கள் வேறு பாதையில் போனார்கள்.

ப்ளூஸ் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அமெரிக்காவின் தென்மாநிலங்களில், அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகும் அதே பருத்திக் காடுகளில் கூலிகளாகவும் குத்தகைக்காரர்களாகவும் கிடந்த கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு. ஆங்கிலத்தில் ‘ப்ளூ’ என்பதற்குத் துயரம் என்றும் ஒரு பொருள் உண்டு. ஆல்பத்தின் தலைப்பும் அந்தப் பொருளில்தான்: துயரமும் தனிமையும்.

வடிவம் எளிமையானது. பெரும்பாலும் 12 தாள அளவுகள், மூன்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்). முதல் வரியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்வார்கள். பாடகர் ஒரு வரி பாடி நிறுத்தினால், அந்த இடைவெளியில் கிட்டாரோ ஹார்மோனிகாவோ (மவுத் ஆர்கன்) பதில் பேசும். ஸ்வரங்களை நேராகத் தொடாமல், கொஞ்சம் கீழே இறக்கி, வளைத்துப் பிடிப்பார்கள். வீணையில் தந்தியை இழுத்து கமகம் பிடிப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வளைவு ஒன்றும் அந்நியமாக இருக்காது. அதனால்தான் மேற்கத்திய இசை எதுவுமே ஒட்டாது என்று சொல்கிற நம் ஆட்கள் சிலருக்குக்கூட ப்ளூஸ் சட்டென்று பிடித்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

‘சிகாகோ ப்ளூஸ்’ என்று தனியாகச் சொல்கிறார்களே?

1910-க்கும் 1970-க்கும் நடுவே சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வடக்கேயும் மேற்கேயும் இருந்த தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். மிசிசிப்பியிலிருந்து கிளம்பியவர்களில் பெரும்பகுதி சிகாகோவில் இறங்கியது. ஊரில் திண்ணையில் ஒற்றை கிட்டாரோடு பாடிய பாட்டு, சிகாகோவின் இரைச்சலான மதுக்கூடங்களில் காதில் விழவில்லை. எனவே கிட்டாருக்கு மின்சாரம் வந்தது, டிரம்ஸ் வந்தது, கீழ்ஸ்வரங்களைத் தாங்கும் பேஸ் வந்தது, ஹார்மோனிகாவும் மைக்கைப் பிடித்துக்கொண்டது. 1950களில் அந்த நகரத்தில் உருவான இந்தச் சத்தம்தான் லண்டன் பையன்களைப் பைத்தியமாக்கியது. ‘ப்ளூ அண்ட் லோன்சம்’ முக்கால்வாசி இந்தச் சிகாகோவைத்தான் தேடிப் போகிறது.

இந்த ஆல்பம் திட்டம் போட்டுச் செய்ததா?

இல்லை. 2005-ல் வந்த ‘எ பிக்கர் பேங்’குக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஸ்டுடியோ ஆல்பம் எதுவும் வரவில்லை. 2015 டிசம்பரில் புதிய பாட்டுகளைப் பதிவு செய்யத்தான் மேற்கு லண்டனில் சிஸ்விக் பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் குரோவ் ஸ்டுடியோவில் கூடினார்கள். அது டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் ராக் குழுப் புகழ் மார்க் நாப்ஃப்ளரின் ஸ்டுடியோ.

புதுப் பாட்டு ஒன்று சரியாக அமையவில்லை. அறையின் ஒலி பிடிபடவில்லை. கைக்குப் பழக்கமான எதையாவது வாசித்து அறையைப் பழக்கிக்கொள்ளலாம் என்று ரிச்சர்ட்ஸ் சொல்ல, லிட்டில் வால்டரின் ‘ப்ளூ அண்ட் லோன்சம்’ பாட்டை வாசித்தார்கள். அது அசந்துபோகிற மாதிரி வந்தது. சரி, இன்னொன்று என்று போனார்கள். ஜாகர் தன்னிடமிருந்த பழைய பாட்டுகளைத் துழாவி அடுத்தடுத்து எடுத்துக்கொண்டு வந்தார். தயாரிப்பாளர் டான் வாஸ் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தார். இப்படித்தான் புதுப் பாட்டுகள் ஓரமாக நிற்க, பழைய பாட்டுகளில் ஒரு ஆல்பம் தயாரானது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது ஒன்று உண்டு. வீட்டில் சமையல் சரியாக வராத நாளில் ரசம் வைத்துப் பார்ப்போம் இல்லையா, கை தானாக வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்? அந்த மாதிரி இருக்கிறது அவர்கள் ப்ளூஸுக்குப் போனது.

உண்மையிலேயே மூன்றே நாளில் முடித்தார்களா?

ஆமாம், மூன்று நாள் பதிவு. எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒன்றாக வாசித்தார்கள். இன்றைய வழக்கம் என்னவென்றால் டிரம்ஸ் ஒரு நாள், பேஸ் ஒரு நாள், குரல் ஒரு மாதம் கழித்து என்று தனித்தனியாக எடுத்து அடுக்குவது. ஸ்டோன்ஸே அந்த முறையில் வருடக்கணக்கில் ஆல்பம் செய்தவர்கள்தான். இங்கே ஒருவர் மைக்கில் இன்னொருவருடைய வாத்தியம் கசிந்து விழுகிறது. ஜாகர் ஹார்மோனிகாவை வாயிலிருந்து எடுக்கும் கணத்தில் டிரம்ஸ் கொஞ்சம் பின்வாங்குவது தெரிகிறது. 1950களில் செஸ் ஸ்டுடியோவில் அப்படித்தான் பதிவு செய்தார்கள். அந்த முறையில் எடுக்காமல் அந்தச் சத்தம் வராது.

யார் யார் வாசித்திருக்கிறார்கள்?

ஜாகர் எல்லாப் பாட்டையும் பாடி, ஹார்மோனிகா வாசிக்கிறார். கிட்டார் கீத் ரிச்சர்ட்ஸ், ரானி வுட். டிரம்ஸ் சார்லி வாட்ஸ். கீபோர்டில் சக் லாவெல், மாட் கிளிஃபோர்டு. ‘ஹூ டூ ப்ளூஸ்’ பாட்டில் ஜிம் கெல்ட்னர் தாள வாத்தியம். வழக்கமாக ஸ்டோன்ஸ் ஆல்பத்தில் ரிச்சர்ட்ஸ் ஒரு பாட்டாவது பாடுவார், இதில் பாடவில்லை.

பேஸ் வாசிக்கும் டாரில் ஜோன்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பில் வைமன் விலகிய பிறகு 1990களில் வந்து சேர்ந்தவர். அதற்கு முன் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர். பிறந்து வளர்ந்தது சிகாகோ. சிகாகோவின் இசையை லண்டனில் வாசிக்கும் அந்த அறையில், அந்த மண்ணிலிருந்தே வந்த ஒருவர் அடித்தளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பெயர் ஆல்பத்தின் முகப்பில் இருக்காது, காதில் இருக்கும்.

எரிக் கிளாப்டன் எப்படி உள்ளே வந்தார்?

தற்செயலாக. கிட்டார் கலைஞரான அவர் அதே பிரிட்டிஷ் குரோவில் பக்கத்து ஸ்டுடியோவில் தன் ஆல்ப வேலையில் இருந்தார். எட்டிப் பார்க்க வந்தவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். ‘எவ்ரிபடி நோஸ் அபவுட் மை குட் திங்’ பாட்டில் ஸ்லைடு கிட்டாரும் (விரலில் மாட்டிய குழாயைத் தந்தியில் வழுக்கி வாசிப்பது), ‘ஐ காண்ட் குவிட் யூ பேபி’யில் முன்னணி கிட்டாரும் அவருடையவை.

இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1963-ல் ரிச்மண்டில் இருந்த கிராடடி கிளப்பில் வாராவாரம் வாசித்துக்கொண்டிருந்த ஸ்டோன்ஸ் பெரிய ஆளாகி வெளியேறியபோது, அந்த இடத்துக்கு வந்தது யார்ட்பேர்ட்ஸ் குழு. கொஞ்ச நாளில் அந்தக் குழுவில் கிட்டார் வாசிக்க வந்தவர் கிளாப்டன். ரிச்மண்டும் சிஸ்விக்கும் அதே மேற்கு லண்டன்தான். அரை நூற்றாண்டு சுற்றிவிட்டு, தொடங்கிய இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் மறுபடி கூடியிருக்கிறார்கள்.

லிட்டில் வால்டர் யார்? 12-ல் 4 பாட்டு அவருடையதாமே?

‘ஜஸ்ட் யுவர் ஃபூல்’, ‘ப்ளூ அண்ட் லோன்சம்’, ‘ஐ காட்டா கோ’, ‘ஹேட் டு சீ யூ கோ’ என்ற நான்கும் அவர் பதிவு செய்தவை. இந்த ஆல்பத்தின் குலசாமி அவர்தான்.

மேரியன் வால்டர் ஜேக்கப்ஸ் என்பது முழுப்பெயர். 1930-ல் லூசியானா மாநிலத்தின் மார்க்ஸ்வில்லில் பிறந்தார். இளவயதிலேயே சிகாகோ வந்து மடி வாட்டர்ஸ் குழுவில் ஹார்மோனிகா வாசித்தார். அதுவரை ஹார்மோனிகா என்பது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகும் ஒரு சின்ன வாத்தியம், கிட்டார் சத்தத்தில் அமுங்கிப்போகும். வால்டர் ஒரு மலிவான மைக்கை ஹார்மோனிகாவோடு சேர்த்து இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்து, கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபையரில் கொண்டுபோய்ச் சொருகினார். ஒலி கரகரத்தது, பெருத்தது, கிட்டத்தட்ட சாக்ஸபோன் மாதிரி ஆனது. ஒலி உடைவதைக் குறை என்று நினைக்காமல் அதையே தன் குரலாக்கிக்கொண்டார். 1952-ல் ‘ஜூக்’ என்ற அவருடைய வாத்திய இசை, பாடலே இல்லாமல், ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. மின்சார ஹார்மோனிகா வாசிக்கும் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. அவர் வழியாகத்தான் போக வேண்டும்.

1968-ல், ஒரு தெருச்சண்டையில் பட்ட அடிக்குப் பிறகு இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 37.

மற்றப் பாட்டுகள் யாருடையவை?

‘கமிட் எ கிரைம்’, ‘ஜஸ்ட் லைக் ஐ ட்ரீட் யூ’ இரண்டும் ஹவ்லின் வுல்ஃப் பாடியவை. ஆறடிக்கு மேல் உயரம், சரளைக் கல்லை உருட்டுகிற குரல். அவரோடு ஸ்டோன்ஸுக்கு நேரடித் தொடர்பு உண்டு. 1965 மே மாதம் ‘ஷிண்டிக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஸ்டோன்ஸை அழைத்தபோது, வுல்ஃபையும் பாடவைக்க வேண்டும் என்று கேட்டு, அவர் பாடும்போது காலடியில் உட்கார்ந்து பார்த்தார்கள். 1970-ல் வுல்ஃப் லண்டன் வந்து ஒரு ஆல்பம் பதிவு செய்தார். அதில் கிளாப்டன் கிட்டார், சார்லி வாட்ஸ் டிரம்ஸ், பில் வைமன் பேஸ், இயன் ஸ்டூவர்ட் பியானோ. ஆகவே 2015-ல் சார்லி வுல்ஃப் பாட்டுக்குத் தாளம் போடும்போது, அந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்த அனுபவம் அந்தக் கைகளில் இருந்தது.

‘ஆல் ஆஃப் யுவர் லவ்’ மேஜிக் சாமுடையது. ‘ரைட் எம் ஆன் டவுன்’ எடி டெய்லருடையது. ‘லிட்டில் ரெயின்’ ஜிம்மி ரீட். எடி டெய்லர்தான் ஜிம்மி ரீடின் பல பதிவுகளில் இரண்டாவது கிட்டார் வாசித்தவர் என்பதால் இந்த இரண்டு பாட்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. ‘எவ்ரிபடி நோஸ்’ லிட்டில் ஜானி டெய்லர் பாடியது. ‘ஐ காண்ட் குவிட் யூ பேபி’யை வில்லி டிக்சன் எழுத, ஓடிஸ் ரஷ் 1956-ல் பாடினார், லெட் செப்பெலின் என்ற ஆங்கில ராக் குழு வழியாகப் பலருக்குத் தெரிந்த பாட்டு.

சிகாகோவுக்கு வெளியே போவது ‘ஹூ டூ ப்ளூஸ்’. இதைப் பாடிய லைட்னின் ஸ்லிம், லூசியானாவின் குரௌலி என்ற சின்ன ஊர் ஸ்டுடியோவில் பதிவு செய்தவர். சதுப்புநிலக் காற்று மாதிரி ஈரமாக, சோம்பலாக நகரும் ஒரு பாணி அங்கே இருந்தது. ஸ்டோன்ஸின் முதல் ஆல்பத்தில் வரும் ஸ்லிம் ஹார்ப்போவும் அதே ஸ்டுடியோவின் ஆள்தான்.

ஜாகர் இவ்வளவு நன்றாக ஹார்மோனிகா வாசிப்பாரா?

வாசிப்பார். ஆனால் மேடையில் ஓடி ஆடிப் பாடும் மனிதர் என்பதால் நாம் அதைக் கவனித்ததில்லை. இந்த ஆல்பத்தைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட பெரிய ஆச்சரியமே அதுதான்.

ப்ளூஸ் ஹார்மோனிகாவில் ஊதுவதைவிட உறிஞ்சுவதுதான் முக்கியம். பாட்டு ஈ ஸ்ருதியில் என்றால் ஏ ஸ்ருதி ஹார்மோனிகாவை எடுத்துக்கொள்வார்கள். அப்போது பாட்டுக்கு வேண்டிய முக்கிய ஸ்வரங்கள் மூச்சை உள்ளே இழுக்கும் பக்கம் வந்துவிடும். உள்ளே இழுக்கும்போது நாக்கையும் தொண்டையையும் சரிசெய்து ஸ்வரத்தைக் கீழே வளைக்கலாம். அழுகை மாதிரிக் கேட்பது அதனால்தான். பாடும் மூச்சும் வாசிக்கும் மூச்சும் ஒன்றே என்பதால், நல்ல கையில் ஹார்மோனிகா குரலின் தொடர்ச்சியாகவே ஒலிக்கும். ‘லிட்டில் ரெயின்’ பாட்டில் ஜாகர் வரியை முடிக்காமல் விட்டு, மீதியை ஹார்மோனிகாவில் சொல்வது போல் இருக்கும் இடங்களைக் கவனியுங்கள்.

புதுப் பாட்டே இல்லையே. சொந்தச் சரக்கு தீர்ந்துவிட்டதா?

2023-ல் ‘ஹேக்னி டயமண்ட்ஸ்’ என்று கிட்டத்தட்ட முழுக்கப் புதுப் பாட்டுகளோடு வந்தார்கள், எனவே தீரவில்லை. ஆனால் இந்தக் கேள்வியின் அடியில் ஒரு நினைப்பு இருக்கிறது: தானே எழுதிப் பாடினால்தான் கலைஞன், அடுத்தவர் பாட்டைப் பாடினால் மட்டம் என்று. ப்ளூஸ் உலகத்தில் அப்படி யாரும் நினைத்ததில்லை. ‘ஜஸ்ட் யுவர் ஃபூல்’ லிட்டில் வால்டரின் சொந்தப் பாட்டு இல்லை. அதற்கு முன் பட்டி ஜான்சனின் ஆர்கெஸ்ட்ரா பதிவு செய்தது. ‘ரைட் எம் ஆன் டவு’னின் வேரைத் தேடினால் 1937-ல் புக்கா வைட் பதிவு செய்த பாட்டில் போய் நிற்கும். கைமாறிக் கைமாறி வருவதுதான் இந்த இசையின் இயல்பு. யார் எழுதினார்கள் என்பதைவிட, உன் வாயில் அது எப்படி மாறியது என்பதுதான் அங்கே கேள்வி.

70 வயது தாண்டியவர்கள் பாடும் ப்ளூஸில் என்ன விசேஷம்?

எனக்கு இந்த ஆல்பமே இந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது.

1964-ல் ஜாகருக்கும் ரிச்சர்ட்ஸுக்கும் 20, 21 வயது. புறநகரில் வளர்ந்தவர்கள். காதலி விட்டுப் போனதையும், சாவு கதவைத் தட்டுவதையும் பற்றிப் பாடினார்கள். கேட்க நன்றாக இருந்தது, துடிப்பு இருந்தது. ஆனால் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி தோள் தொங்கியது.

2015-ல் பதிவு செய்யும்போது ஜாகருக்கு 72, சார்லிக்கு 74, இளையவர் ரானி வுட்டுக்கே 68. இப்போது அவர்கள் யாருடைய பாட்டைப் பாடுகிறார்களோ அவர்களுடைய வயதைப் பாருங்கள். மேஜிக் சாம் 32-ல் இறந்தார். லிட்டில் வால்டர் 37. ஜிம்மி ரீட் 50. லிட்டில் ஜானி டெய்லர் 59; இவர் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் பிறந்த அதே 1943-ல் பிறந்தவர். லைட்னின் ஸ்லிம் 61. எடி டெய்லர் 62. ஹவ்லின் வுல்ஃப் 65. இந்த எட்டுப் பேரில் 70-ஐத் தாண்டியவர் ஓடிஸ் ரஷ் ஒருவர்தான். இந்த ஆல்பம் வந்தபோது அவர் மட்டும்தான் உயிரோடு இருந்தார். 2018-ல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

சீடர்கள் குருமார்களைவிட வயதில் மூத்தவர்களாகிவிட்டார்கள். ஏன் குருமார்கள் அந்த வயதை எட்டவில்லை என்பதற்கு வறுமை, ஓய்வில்லாத பயணம், குடி, வன்முறை, அந்த நாட்டில் ஒரு கறுப்பின மனிதனுக்குக் கிடைத்த வாழ்க்கை என்று பல காரணங்கள். லிட்டில் வால்டர் ‘ப்ளூ அண்ட் லோன்சம்’ பாட்டை 30 வயதை ஒட்டிப் பதிவு செய்தார். ஜாகர் அதை 72 வயதில் பாடும்போது, வால்டர் வாழாமல் போன வருடங்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. இளமையில் நடிப்பாக இருந்த களைப்பு இப்போது நிஜமாக மூச்சில் தெரிகிறது. குரல் உடையும் இடத்தில் அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சட்டை இப்போது சரியாகப் பொருந்துகிறது.

கறுப்பின மக்களின் இசையை எடுத்து வெள்ளைக்காரர்கள் பணம் பண்ணினார்கள். இதுவும் அதில் சேர்த்திதானே?

நியாயமான கேள்வி. ரசிகன் என்பதற்காக இதை மழுப்பக் கூடாது.

ஸ்டோன்ஸ் மீதும் கறை உண்டு. 1968-ல் வந்த ‘பெக்கர்ஸ் பேங்க்வெட்’ ஆல்பத்தில் ‘பிராடிகல் சன்’ பாட்டு ஜாகர்–ரிச்சர்ட்ஸ் எழுதியதாகப் போடப்பட்டது. உண்மையில் அது ராபர்ட் வில்கின்ஸ் என்ற பாதிரியாரின் பாட்டு. பெயர் பிறகு திருத்தப்பட்டது. லெட் செப்பெலின் மீது வில்லி டிக்சன் 1985-ல் வழக்குப் போட்டுத்தான் தன் பங்கை வாங்க வேண்டியிருந்தது. அந்தத் தலைமுறை ஆங்கிலக் குழுக்கள் மாளிகை வாங்கிய காலத்தில், அவர்கள் கற்றுக்கொண்ட மூலவர்கள் பலர் சின்னச் சின்ன மதுக்கூடங்களில்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே காலத்தில் நடந்தது என்பதை மறைக்க முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. யாரிடம் கற்றோம் என்பதை ஸ்டோன்ஸ் மேடையில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1964 ஜூனில் அமெரிக்கா போனதும் செஸ் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பதிவு செய்தார்கள். அந்தக் கட்டடத்தின் முகவரியான ‘2120 சவுத் மிச்சிகன் அவென்யூ’வையே ஒரு இசைக்குப் பெயராக வைத்தார்கள். 1981 நவம்பரில் சிகாகோவின் செக்கர்போர்டு லவுஞ்சில் மடி வாட்டர்ஸ் மேடையில் ஏறி அவரோடு சேர்ந்து பாடினார்கள். அந்தப் பதிவைப் பார்த்தால் ஜாகர் எவ்வளவு அடக்கமாக நிற்கிறார் என்பது தெரியும்.

‘ப்ளூ அண்ட் லோன்சம்’ ஆல்பத்தில் பாட்டு யாருடையது என்பதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அது பழைய கணக்கைத் தீர்த்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதிகம் அறியப்படாத பாட்டுகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால், கேட்பவர்கள் மூலத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. நான் லைட்னின் ஸ்லிம்மைத் தேடிப் போனது இதைக் கேட்ட பிறகுதான். செஸ் கட்டடம் இன்று வில்லி டிக்சன் தொடங்கிய ‘ப்ளூஸ் ஹெவன்’ அறக்கட்டளையின் வசம் இருக்கிறது.

குறையே இல்லையா?

உண்டு. மேஜிக் சாமின் குரலில் இருந்த நடுக்கமும் உயரமும் ஜாகருக்கு வராது. ‘ஆல் ஆஃப் யுவர் லவ்’ நிற்பது சக் லாவெலின் பியானோவால்தான். ‘ஐ காண்ட் குவிட் யூ பேபி’யில் ஓடிஸ் ரஷ் முதல் சொல்லை எடுக்கும் விதத்துக்குப் பக்கத்தில் யாராலும் நிற்க முடியாது, ஜாகராலும் முடியவில்லை. ஒலி சில இடங்களில் தேவைக்கு மேல் நெருக்கியடித்து இருக்கிறது. பழைய செஸ் பதிவுகளில் வாத்தியங்களுக்கு நடுவே கிடைக்கும் காற்று இதில் குறைவு.

விருது, விற்பனை?

இங்கிலாந்தில் முதலிடம், அமெரிக்காவில் நான்காம் இடம். 2018-ல் சிறந்த பாரம்பரிய ப்ளூஸ் ஆல்பத்துக்கான கிராமி.

வேறு மூத்த கலைஞர்கள் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா?

கிளாப்டன் 1994-ல் ‘ஃப்ரம் த கிரேடில்’ என்று முழு ப்ளூஸ் ஆல்பம் செய்தார். ஏரோஸ்மித் குழு 2004-ல் ‘ஹாங்கின் ஆன் போபோ’ செய்தது. கிளாப்டனுடையது கைத்திறமையில் இதைவிட மேல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதில் ஒவ்வொரு மூலத்தையும் அப்படியே நகலெடுக்கும் கவனம் அதிகம். ஸ்டோன்ஸ் கொஞ்சம் சிந்தி, கொஞ்சம் தவறவிட்டு வாசிக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

சார்லி வாட்ஸின் கடைசி ஆல்பம் இதுதானா?

அவர் முழுமையாக வாசித்து, அவர் உயிரோடு இருக்கும்போது வெளிவந்த கடைசி ஸ்டுடியோ ஆல்பம் இதுதான். 2021 ஆகஸ்ட் 24 அன்று 80 வயதில் காலமானார். ‘ஹேக்னி டயமண்ட்ஸ்’ ஆல்பத்தில் அவர் முன்பு வாசித்துவைத்த இரண்டு பாட்டுகள் மட்டும் இருக்கின்றன.

சார்லி மனதளவில் ஜாஸ்காரர். அடிப்பதைவிட அடிக்காமல் விடுவதில் அவருக்கு நம்பிக்கை அதிகம். ‘கமிட் எ கிரைம்’ கிட்டத்தட்ட ஒரே கார்டில் சுற்றிச் சுற்றி வரும் பாட்டு. வாத்தியங்கள் மேலே மேலே ஏற, அவர் மட்டும் வேகம் கூட்டாமல் அதே இடத்தில் நிற்பார். மொத்தப் பாட்டும் அந்தப் பிடிவாதத்தில்தான் தொங்குகிறது. அவர் போன பிறகு வந்த ஆல்பத்தின் கடைசியில், ஜாகரும் ரிச்சர்ட்ஸும் மட்டும் உட்கார்ந்து, தங்களுக்குப் பெயர் கொடுத்த மடி வாட்டர்ஸ் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். டிரம்ஸ் இல்லை.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதல் பாட்டிலிருந்து வரிசையாக வேண்டாம். முதலில் ‘ஹேட் டு சீ யூ கோ’ போடுங்கள், ஹார்மோனிகா பழகிவிடும். அடுத்து ‘ரைட் எம் ஆன் டவுன்’, கால் தானாகத் தாளம் போடும். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு ‘லிட்டில் ரெயின்’. மறுநாள் ஜிம்மி ரீட் பாடிய அதே பாட்டைத் தேடிக் கேளுங்கள். எது பிடித்தது என்று முடிவு செய்ய அவசரப்பட வேண்டாம். எனக்கே ஒரு நாள் இது, ஒரு நாள் அது என்று மாறிக்கொண்டிருக்கிறது.